இருபத்தெட்டில் திரும்பி வந்த காலண்டர்

பிள்ளைகளே, உங்கள் அத்தையின் கல்யாணப் பத்திரிகையைப் போன வாரம் எங்கிருந்தோ தேடி எடுத்து வைத்துக்கொண்டு, "ஏன் புதன்கிழமை வச்சீங்க, ஞாயித்துக்கிழமை வச்சிருந்தா கூட்டம் வந்திருக்கும்லா" என்று கேட்டீர்கள். அன்றைக்குச் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். வாயால் சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன். உங்கள் கேள்விக்குப் பதில் இருபத்தெட்டு என்கிற எண்ணுக்குள் இருக்கிறது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எனக்குத் தெரிந்த கணக்கை எனக்குத் தெரிந்த மாதிரிதான் சொல்ல வரும். தப்பு இருந்தால் உங்கள் கணக்கு வாத்தியாரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

என் அப்பா இறந்தது ஆனி மாதத்தில், வளர்பிறை தசமி அன்று. அந்த வருஷம் மார்கழிக் கடைசியில் நிலத்துத் தீர்வை ரசீது ஒன்று தேவைப்பட்டது. அதைத் தேடி அப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்தேன். ரசீது மேலேயே இருந்தது. அடியில், பருத்தி நூலால் கட்டிச் சுருட்டிய ஒரு காலண்டர் இருந்தது. மாதத்துக்கு ஒரு தாளாகப் பன்னிரண்டு தாள். கட்டத்துக்குக் கட்டம் தமிழ்த் தேதியும் திதியும்கூட அச்சிட்டிருந்தது. வருஷம் 1956. நான் பிறந்த வருஷம்.

அப்பா அதில் பென்சிலால் எழுதியிருந்தார். கரிசல் காட்டில் மானாவாரி வெள்ளாமை செய்கிறவர் என்ன எழுதுவாரோ அதைத்தான் எழுதியிருந்தார். ஒரு கட்டத்தில் "ஒரு உழவு மழை". ஒரு கட்டத்தில் "பருத்தி விதைப்பு". ஒரு கட்டத்தில் "காளைக்கு லாடம்". மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமையை வட்டம் போட்டு "ஆண்" என்று மட்டும் எழுதியிருந்தார். அந்த ஆண் நான்தான்.

மறுநாள் அந்தக் காலண்டரைக் கையோடு தீப்பெட்டி ஆபீசுக்குக் கொண்டுபோனேன். அப்போது நான் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் பண்டல் போடும் வேலையில் இருந்தேன். தினமும் ஊரிலிருந்து சைக்கிளில் போய் வருவேன். கூட வேலை பார்க்கிறவர்களிடம் அப்பாவின் கையெழுத்தைக் காட்டலாம் என்றுதான் கொண்டுபோனேன். மேஜைக்கு மேலே புதுசாக 1984ஆம் வருஷத்துக் காலண்டர் தொங்கியது. தேதியும் கிழமையும் மட்டும் பெரிசு பெரிசாகப் போட்ட காலண்டர். என் கையில் இருந்ததில் ஜனவரி ஒன்று ஞாயிற்றுக்கிழமை. நிமிர்ந்து பார்த்தேன். அதிலும் ஜனவரி ஒன்று ஞாயிற்றுக்கிழமை.

இது தற்செயல் என்றுதான் முதலில் நினைத்தேன். பிப்ரவரியைப் புரட்டினேன். இதில் இருபத்தொன்பது நாள். அதிலும் இருபத்தொன்பது நாள். மார்ச் சரி. ஏப்ரல் சரி. டிசம்பர் முப்பத்தொன்று, இரண்டிலும் திங்கட்கிழமை. ஒரு கட்டம் பிசகவில்லை. இருபத்தெட்டு வருஷம் பெட்டிக்குள் படுத்துக்கிடந்த காலண்டர், எழுந்து வந்து இந்த வருஷத்துக்குப் பொருந்தி நிற்கிறது. எனக்கும் அந்த மாசியில் இருபத்தெட்டு முடிகிறது. நான் பிறந்த தேதி, பிறந்த கிழமையிலேயே மறுபடி வருகிறது.

ஏன் இப்படி என்று கண்டுபிடிக்க எனக்கு நாலு நாள் ஆனது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கழித்துப் போட்ட மருந்தில்லாத குச்சிகளை மேஜையில் பரப்பிக் கணக்குப் போட்டேன். நீங்களும் குச்சி வைத்துப் பாருங்கள். ஒரு சாதாரண வருஷத்தில் ஐம்பத்திரண்டு வாரமும் ஒரு நாளும் இருக்கிறது. அந்த ஒரு நாள் மிச்சத்தால்தான் அடுத்த வருஷத்தின் கிழமை ஒன்று தள்ளிப்போகிறது. பிப்ரவரி இருபத்தொன்பது வருகிற வருஷம் இரண்டு தள்ளும். அப்போது நாலு வருஷத்துக்கு ஐந்து தள்ளல். ஐந்து தள்ளல் ஒரு வாரத்துக்குப் பத்தாது. எட்டு வருஷத்துக்குப் பத்து. அதுவும் வாரத்தில் அடங்காது. இப்படியே ஏழு தடவை போனால்தான், அதாவது இருபத்தெட்டு வருஷத்தில்தான், முப்பத்தைந்து தள்ளல் வரும். முப்பத்தைந்து என்பது முழுசாக ஐந்து வாரம். கிழமை புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்துவிடும். சாதாரண வருஷத்துக் காலண்டர் ஆறு வருஷத்திலோ பதினொரு வருஷத்திலோகூடத் திரும்பிவிடும். பிப்ரவரி இருபத்தொன்பது உள்ள காலண்டருக்கு இருபத்தெட்டை விட்டால் வேறு வழி கிடையாது. (இரண்டாயிரத்து நூறாவது வருஷத்தில் இந்தக் கணக்கு தப்பும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அந்த வருஷம் பிப்ரவரிக்கு இருபத்தெட்டே நாள். அதைப் பார்க்க நான் இருக்க மாட்டேன்.)

கணக்கு முடிந்த பிறகும் அந்த இருபத்தெட்டுக் குச்சியைக் கீழே போட மனசு வரவில்லை. சும்மா அடுக்கிப் பார்த்தேன். ஒரே வரிசையாக வைக்கலாம். இரண்டு வரிசையாக வைத்தால் பதினாலு பதினாலாக நிற்கிறது. நாலு வரிசை வைத்தால் ஏழேழு. ஏழு வரிசை வைத்தால் நந்நான்கு. பதினாலு வரிசை வைத்தால் இரண்டிரண்டு. மிச்சமில்லாமல் வருவது இவ்வளவுதான். அப்போது, இருபத்தெட்டை மட்டும் விட்டுவிட்டு, அதை மீதமில்லாமல் வகுக்கிற மற்ற எண்களை எல்லாம் கூட்டினால் என்ன வரும் என்று தோன்றியது. ஒன்று, இரண்டு, நாலு, ஏழு, பதினாலு. கூட்டினேன். இருபத்தெட்டு வந்தது.

பன்னிரண்டை அப்படிக் கூட்டினால் பதினாறு வந்து தலைக்கு மேலே போய்விடுகிறது. பதினைந்தைக் கூட்டினால் ஒன்பதுதான், இளைத்துப் போகிறது. கூடாமல் குறையாமல் தானே தானாக வந்து நிற்கிற எண்ணை ஒன்றிலிருந்து நூறு வரைக்கும் தேடினேன். அதற்கே ஒரு வாரம் பிடித்தது. ஆறு ஒன்று கிடைத்தது, இருபத்தெட்டு ஒன்று. அவ்வளவுதான். இதற்கு நிறைவெண் என்று பெயர் இருப்பதையும், இருபத்தெட்டுக்கு அடுத்த நிறைவெண் நானூற்றுத் தொண்ணூற்றாறு என்பதையும் உங்கள் புத்தகத்தில்தான் பிற்பாடு பார்த்தேன். மனுஷர்கள் ஆயிரக்கணக்கான வருஷமாக இதைப் பார்த்து வாயைப் பிளந்திருக்கிறார்கள். கோவில்பட்டியில் ஒரு பண்டல் மேஜையில் நானும் பிளந்தேன் என்று நினைத்தால் இப்போதும் ஒரு மாதிரி இருக்கிறது. இன்னொன்றும் பாருங்கள்: முதல் வரிசையில் ஒரு குச்சி, அடுத்ததில் இரண்டு, அடுத்ததில் மூன்று என்று ஏழு வரிசை வைத்தால், குச்சியும் தீர்ந்துவிடும், கோபுரமும் நின்றுவிடும். இந்த எண்ணை யாரோ உட்கார்ந்து நிதானமாகச் செய்த மாதிரி எனக்குத் தோன்றியது. கோயிலுக்குள் நிற்கிறபோது வருகிற மௌனம் எனக்கு அந்த மேஜையில் வந்தது.

அந்த வருஷம் வீட்டுக்கு வேறு காலண்டர் வாங்கவில்லை. அப்பாவின் காலண்டரையே ஆணியில் மாட்டினேன். என் தப்பு அங்கேதான் தொடங்கியது. எனக்கு அது தெரியவில்லை.

என் தங்கச்சிக்கு, அதான் உங்கள் அத்தைக்கு, அப்போது இருபத்துநாலு வயசு. மூன்று இடம் வந்து தட்டிப்போயிருந்தது. நாலாவதாக ஓட்டப்பிடாரம் பக்கத்திலிருந்து உங்கள் மாமா வீட்டார் கேட்டு வந்தார்கள். மாமா பட்டாளத்தில் இருந்தார். ஆனி முழுக்கத்தான் லீவு. ஆடி பிறந்ததும் ரயில் ஏறிவிட வேண்டும். அதனால் கல்யாணத்தை ஆனிக்குள் முடிக்க வேண்டும், முடியாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்வோம் என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டார்கள். எங்கள் பக்கம் ஒரே ஒரு கட்டு. எங்கள் வகையறாவில், வீட்டுப் பெரியவர் இறந்தால் முதல் வருஷத் திவசம் கொடுக்காமல் அந்த வீட்டில் நல்ல காரியம் செய்ய மாட்டோம். அப்பாவின் திவசம் ஆனி வளர்பிறை தசமி. நான் காலண்டரைப் பார்த்தேன். ஆனி முதல் வாரம் திங்கட்கிழமை என்று போட்டிருந்தது. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. "அவிய கையெழுத்துப் போட்ட காலண்டர்லா, சரியாத்தான் இருக்கும்" என்றாள். திவசம் ஆனி முதல் வாரமே முடிந்துவிடும், அதற்குப் பிறகு எந்த நாளும் எங்களுக்குச் சம்மதம் என்று மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லியனுப்பினேன்.

வைகாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாள் குறிக்க வந்தார்கள். மாமாவின் அப்பாவும் மாமாவின் அத்தையும் முன்னால் உட்கார்ந்தார்கள். அந்த அத்தை வாயில் வெற்றிலை இருக்கிற நேரம் மட்டும்தான் பேச மாட்டார் என்று ஊரில் சொல்வார்கள். தட்டில் காராச்சேவும் கடலைமிட்டாயும் வைத்தோம். உங்கள் அத்தை அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

மாமாவின் அப்பா, ஆனி மூன்றாவது ஞாயிறு வளர்பிறையில் நல்ல நாள் இருப்பதாகச் சொன்னார். நான் சும்மா இருந்திருக்கலாம். எழுந்துபோய் ஆணியில் கிடந்த காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தேன்.

"அது தேய்பிறைல்லா. வளர்பிறை வேணும்னா ஆனி கடைசிப் புதன்தான் தோது."

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, இது நான் கல்யாணம் முடிச்ச வருசத்துக் காலண்டர்லா."

மாமாவின் அத்தை வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கினார். "காலண்டர் வாங்கக்கூட வழியில்லாத வீட்டுலயா பொண்ணு பாத்துருக்கோம்?"

எல்லாரும் சிரித்தார்கள். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் இருபத்தெட்டை விட்டுக்கொடுக்க மனசில்லை. வாரம் தள்ளுகிற கணக்கை முதலிலிருந்து சொன்னேன். யாருக்கும் பிடிபட்ட மாதிரி தெரியவில்லை. மாமாவின் அப்பா மட்டும் நியாயஸ்தர். சித்திரை ஒன்று என்ன கிழமை, போன மாசம் முதல் தேதி என்ன கிழமை, மகன் லீவுக்கு வந்து இறங்கப்போகிற தேதி என்ன கிழமை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தார். நான் விரலை வைக்க வைக்க எல்லாம் சரியாக வந்தது. கடைசியில் அவர் அந்தத் தாளை இரண்டு கையாலும் மரியாதையாகப் பிடித்துக்கொண்டு, "பிசகலையே" என்றார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

மாமாவின் அத்தை வெற்றிலை துப்ப வாசலுக்குப் போனார். போனவர் உள்ளே வரவில்லை.

"ஏ தம்பி, ஒங்க காலண்டர்ல இன்னைக்கு என்ன திதி போட்டுருக்கு?"

பார்த்தேன். "தேய்பிறை தசமி."

"அப்போ இங்கன வந்து பாரு. மேக்க தொங்குதே, அது என்னது?"

எல்லாரும் வாசலுக்குப் போனோம். பொழுது அடைந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. காய்ந்த பருத்திமார்ச் செடிகளைப் பிடுங்கின காட்டுக்கு மேலே, மேற்கே, வளர்பிறை நிலா கீற்றாக நின்றது. தேய்பிறை தசமியில் சாயங்காலம் நிலாவே இருக்கக் கூடாது. ராத்திரி பாதிக்கு மேல்தான் கிழக்கே வர வேண்டும். ஐந்து மாசமாக நான் அந்தக் காலண்டரைத்தான் பார்த்தேன். ஒரு நாளும் தலையைத் தூக்கி வானத்தைப் பார்க்கவில்லை. அம்மாவுக்கும் சந்தேகம் வர வழியில்லை. அவள் அமாவாசை விரதம் இருப்பது பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்டுத்தான்.

இருபத்தெட்டு பொய் சொல்லவில்லை. அது கிழமைக்குக் கட்டுப்பட்ட எண். நிலா அதற்குக் கட்டுப்படாது. நிலாவுக்கு ஒரு சுற்றுக்கு இருபத்தொன்பதரை நாளும் முக்கால் மணி நேரமும். இதைப் பிற்பாடு உட்கார்ந்து பெருக்கிப் பார்த்தேன். இருபத்தெட்டு வருஷத்துக்குப் பத்தாயிரத்து இருநூற்று இருபத்தேழு நாள். அதற்குள் நிலா முந்நூற்று நாற்பத்தாறு சுற்று சுற்றிவிட்டு, மேற்கொண்டும் ஒன்பது நாளுக்கு மேல் போய்விடுகிறது. நான் நம்பின காலண்டரில் கிழமை எல்லாம் சரி, நிலா எல்லாம் ஒன்பது பத்து நாள் தப்பு.

வாசலில் நின்றபோது எனக்கு இவ்வளவு கணக்கு தெரியாது. ஆனால் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. கல்யாண நாளை விடு. அப்பாவின் திவசத்தையும் இதே காலண்டரில்தானே பார்த்தேன்? அப்படியானால் அந்தத் திங்கட்கிழமை தசமி இல்லை. தசமி வேறு என்றைக்கோ. அவர்கள் சொல்கிற ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகுகூட இருக்கலாம். ஆடிக்குள் நாள் இல்லாமல் போனால் இந்த இடமும் தட்டிப்போகும்.

இதை நான் சொல்லாவிட்டால் அங்கே யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. இரண்டு மூச்சு விடுகிற நேரம் சொல்லாமல் நின்றேன். அது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னேன்.

அம்மா நிலாவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "அவிய போன அன்னைக்குப் பொழுது அடையையில நிலா இதவிடப் பெருசு. கெழக்க பாதிக்கு மேல ஏறி நின்னுச்சு. எனக்குத் தெரியும்" என்றாள். "அந்த நிலா வரட்டும். அதுக்கு முன்ன கல்யாணம் வேண்டாம்."

மாமாவின் அப்பா வாசலில் நின்றபடியே துண்டை உதறித் தோளில் போட்டார். கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர், "இந்த வருசத்துக் காலண்டர் எங்கன இருக்கும்?" என்றார்.

பஸ் ஸ்டாப் டீக்கடைக்கு ஓடினேன். அங்கே தினம் ஒரு தாளாகக் கிழிக்கிற காலண்டர் தொங்கியது. கடைக்காரர், "காலண்டரக் களட்டிட்டுப் போனா நாளைக்கு எனக்குத் தேதி யாரு சொல்லுவா அண்ணாச்சி?" என்று பின்னாலேயே கத்தினார். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.

லாந்தர் வெளிச்சத்தில் எல்லாத் தலையும் ஒன்றாகக் குனிந்தது. நான் தாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கினேன். ஆனி பிறந்தது. முதல் வாரத் திங்கட்கிழமை தேய்பிறை. மூன்றாவது ஞாயிறு, மாமாவின் அப்பா சொன்ன மாதிரியே வளர்பிறை. அதற்கு அடுத்த ஞாயிறு தசமி. அதாவது, அவர்கள் குறித்த நாளுக்கு ஒரு வாரம் பின்னால் அப்பாவின் திவசம்.

அதற்கப்புறம் ஆடி பிறக்க ஒரு வாரம்தான் இருந்தது. பௌர்ணமி கழிந்தால் தேய்பிறை. மாமாவின் அப்பா என் கையிலிருந்து காலண்டரை வாங்கி, தாளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். திங்கள், செவ்வாய் சரியில்லை என்று விட்டார். அடுத்த தாளில் நிறுத்தினார். திரயோதசி, வளர்பிறை, நல்ல நேரமும் இருந்தது. கிழமையைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஆனி கடைசிப் புதன்."

நான் பழைய காலண்டரை வைத்துக்கொண்டு சண்டை போட்ட அதே நாள். அதில் அது வளர்பிறை மூன்றாம் நாள். இதில் வளர்பிறை பதின்மூன்றாம் நாள். இரண்டு நிலாவும் சேர்ந்து சம்மதித்த நாள் அந்த மாசத்தில் அது ஒன்றுதான். தப்பான காரணத்தைச் சொல்லிச் சரியான நாளைக் கேட்டிருக்கிறேன். மாமாவின் அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். புதன்கிழமை யாருக்கு லீவு கிடைக்கும், யார் வருவார்கள் என்று மாமாவின் அத்தை முணுமுணுத்தார். அவரே கடைசியில், "சரி, இருக்கிய ரெண்டு காலண்டரும் ஒண்ணாச் சொல்லுதுன்னா நாம எதுக்குக் குறுக்க நிக்கணும்" என்று வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தட்டு மாற்றினோம்.

அவர்கள் போன பிறகு உங்கள் அத்தை அடுக்களையிலிருந்து வந்தாள். மெச்சிச் சொல்வாள் என்று பார்த்தேன். "ஏண்ணே, தலைய நிமித்துனா தெரியுதத, பொட்டியத் தொறந்து தேடுதியே" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை திவசம் கொடுத்தோம். பொழுது அடைகிற நேரத்தில் அம்மா முற்றத்தில் நின்று கிழக்கே பார்த்தாள். பாதிக்கு மேல் ஏறி நின்றது. "இதுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

புதன்கிழமை கல்யாணம். கூட்டம் கம்மிதான். ஆனிக் காற்று அன்றைக்குப் பந்தல் தட்டியைப் பிய்த்துக்கொண்டு போனது. நாலு பேர் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நிற்க, அதற்குள் தாலி ஏறியது. சாயங்காலம் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினபோது, சூரியன் இறங்கு முன்னாலேயே நிலா கிழக்கே வந்திருந்தது. இன்னும் இரண்டு நாளில் முழுசாகிவிடுகிற நிலா. இந்தப் பக்கம் கிழமையைத் தள்ளுகிற சூரியன், அந்தப் பக்கம் யாருடைய கணக்குக்கும் நிற்காத நிலா. நடுவில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். ஒரு பண்டல் மேஜையில் இருபத்தெட்டுக் குச்சியை அடுக்கிவிட்டு எல்லாம் பிடிபட்டுவிட்டது என்று நினைத்தவன். எவ்வளவு பெரிசு இது என்று அன்றைக்குத்தான் கொஞ்சம் தெரிந்தது. தெரிந்ததும் பயமாக இல்லை. நிறைவாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அப்பாவின் காலண்டரில் ஜூலைத் தாளைப் பார்த்தேன். அந்தப் புதன்கிழமைக் கட்டத்தில் அவர் அப்போதே எழுதியிருந்தார்: "காத்து. வண்டி அச்சுக்கு மை போடணும்." அதற்கு முன்னால் நான் அதைக் கவனித்ததே இல்லை. பென்சிலைத் தேடி எடுத்து, அதற்குக் கீழே இருந்த இடத்தில் எழுதினேன்: "காத்து. தங்கச்சி கல்யாணம். நிலாவைப் பார்த்தாச்சு."